பழைய டூ-டூ ரைஃபிள்: மாடல் தேடும்போது செய்யக்கூடாதவை

போன மாதம் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு துப்பாக்கிக் கடை. தாத்தாவின் டூ-டூ (.22 அளவு) ரைஃபிளைத் தன் பேருக்கு மாற்ற வந்த பையன் ஒருவன், "அங்கிள், இது என்ன மாடல்?" என்று என்னிடம் நீட்டினான். பேரல் புதுப் பாத்திரம் போலப் பளபளத்தது. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. இருபது வருஷத்துக்கு முன் நானும் இதையேதான் செய்தேன்.

தோட்டா உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரியான பாலபாடங்களை விட்டுவிடுகிறேன்.

உப்புத்தாள்

அப்பாவின் பிர்னோ ரைஃபிள், செக் நாட்டுத் தயாரிப்பு, டர்பன் பக்கத்து டோங்காட்டில், கரும்புக்காட்டுப் பக்கம் இருந்த வீட்டில் கிடந்தது. கடல் காற்றில் பேரல் முழுக்கத் துரு. துருவை எடுத்தால் எழுத்து தெரியும் என்று நினைத்து, திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் உப்புத்தாளால் தேய்த்தேன். துரு போனது. கூடவே எழுத்தும் போனது. பேரலில் அழுத்திய எழுத்துக்கு ஆழம் கம்மி. செக் துப்பாக்கிகளில் சோதனை முத்திரையோடு வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும், அதையும் தேய்த்திருந்தேன். சீரியல் நம்பர் தப்பியது, கை வலித்து நிறுத்தியதால்.

டீலர் அதைக் கவுன்டரில் வைத்துவிட்டு, "நம்பர் போயிருந்தால் நான் தொட்டே இருக்க மாட்டேன் தம்பி" என்றார். அவர் சும்மா சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 4-ஆம் பிரிவு: பதிவாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் சீரியல் நம்பரோ வேறு அடையாளக் குறியோ மாற்றப்பட்ட, அழிக்கப்பட்ட துப்பாக்கி தடைசெய்யப்பட்டது. அப்பா பொருள் என்று அழுதாலும் நடக்காது.

பிறகு செலவு. பிர்னோ மாடல் 2-வும் பின்னால் வந்த சி.இசட். 452-வும் பார்வைக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். குத்துமதிப்பாக வரவழைத்த எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட தோட்டாவின் உறையை வெளியே இழுக்கும் கொக்கி) பொருந்தவில்லை. இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது, திறக்கும்போதெல்லாம் எரிச்சல்.

எண்ணெய் தடவி ஒரு ராத்திரி விடுங்கள், பழைய துணியால் துடையுங்கள். அப்புறம் இருட்டறையில் டார்ச்சைப் பேரலோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்தின் நிழல் எழும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தாலும் வரும். தேய்க்க வேண்டியது தாளை, இரும்பை இல்லை.

பேரலில் இருப்பதெல்லாம் மாடல் இல்லை

".22 லாங் ரைஃபிள்" என்பது தோட்டாவின் பேர், 1887-இல் வந்தது. யார் செய்த ரைஃபிளிலும் இருக்கும். "ஜே. சி. ஹிக்கின்ஸ்" என்றால் அமெரிக்க சியர்ஸ் கடையின் பேர், செய்தவர் யார் என்பது மாடல் எண்ணில் புள்ளிக்கு முன் உள்ள பகுதியில் இருக்கிறது. 103 என்றால் மார்லின், 583 என்றால் ஹை ஸ்டாண்டர்ட். மேக்னம் என்று பொறித்திருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் தோட்டா உட்காரும் அறை அகலம். லாங் ரைஃபிள் தோட்டாவைப் போட்டால் உறை பிளக்கலாம்.

நம்பரே இல்லையென்றால்

திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். அமெரிக்காவில் 1968 சட்டத்துக்கு முன் வந்த வின்செஸ்டர் 67 போன்ற மலிவு ரைஃபிள்களில் நம்பர் போடவே இல்லை. லைசென்ஸ் விஷயத்தை டீலரிடம் கேளுங்கள்.

டெலஸ்கோப், கட்டை

கழற்றி மாட்டுகிற எதுவும் மாடலுக்குச் சாட்சி இல்லை.

அந்தப் பையனின் ரைஃபிளில் பேரலைத் தாங்கும் மரக் கட்டையைக் கழற்றச் சொன்னேன். உள்ளே மறைந்திருந்த பாகத்தில் கறுப்புப் பூச்சு அப்படியே இருந்தது, இரண்டு முத்திரைகளோடு. கட்டை கழலும் என்று அவனுக்குத் தெரியாது. அதனால்தான் பிழைத்தது.