நினைவு நிதிக்கு விண்ணப்பிக்கும்போது: தடயவியல் மொழியியல் படிக்க வருபவர்களுக்கு

பர்மிங்காமில் நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் வேலை எனக்கு. ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் தடயவியல் மொழியியல் (வழக்குகளில் வரும் பேச்சையும் எழுத்தையும் ஆராய்வது), யார்க் பல்கலைக்கழகத்தில் தடயவியல் பேச்சறிவியல் (குரல் பதிவுகளை ஆராய்வது) என்று முதுகலை படிக்க விரும்பும் ஊர்ப் பிள்ளைகள் தங்கள் விண்ணப்பக் கட்டுரையை எனக்கு அனுப்பி, "அக்கா, ஒருமுறை பாருங்க" என்பார்கள். அரசு உதவித்தொகைக்கு எழுதியதையே, மறைந்த ஒருவரின் நினைவாகத் தரும் நினைவு நிதிக்கும் அனுப்பிவிடுகிறார்கள். அது சரிவராது.

நினைவு நிதி என்றால் பின்னால் பெரும்பாலும் ஒரு குடும்பமோ நண்பர்களோ இருப்பார்கள். மறைந்தவர் யார், பணத்தை எதற்காக ஒதுக்கினார்கள் என்று தெரிந்துகொண்டு எழுத உட்காருங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் அறக்கட்டளைகளின் நோக்கம் சாரிட்டி கமிஷனின் இணையப் பதிவேட்டில் இருக்கும். ஆண்டறிக்கையும் கிடைத்தால் எவ்வளவு தருகிறார்கள் என்பது பிடிபடும். தேடும்போது மொழியியலோடு நிற்காமல் சட்டம், குற்றவியல், மொழிபெயர்ப்பு என்றும் தேடுங்கள். இந்தத் துறைக்கென்றே இருக்கும் நிதி மிகக் குறைவு.

அப்புறம் கட்டுரை. எனக்கு வரும் பாதிக் கட்டுரைகள் யூனாபாம்பர் (எழுத்து நடை காட்டிக்கொடுத்த அமெரிக்க வெடிகுண்டுக் கொலையாளி) கதையில்தான் தொடங்குகின்றன. தேர்வு செய்பவர்களுக்கு அது அலுத்திருக்கும். பழைய வழக்கு வேண்டுமென்றால் திமோத்தி எவன்ஸைச் சொல்லுங்கள். மகளைக் கொன்றதாக இங்கிலாந்தில் 1950இல் தூக்கிலிடப்பட்டவர், இறந்த பிறகு 1966இல்தான் மன்னிப்பு வந்தது. போலீஸ் எழுதிக்கொண்ட அவருடைய வாக்குமூலங்களின் நடையை ஆராய்ந்து ஸ்வீடன் மொழியியலாளர் யான் ஸ்வார்த்விக் 1968இல் வெளியிட்ட நூலில்தான் இந்தத் துறைக்கே பெயர் கிடைத்தது. அதற்கும் இரண்டு வரி போதும்.

மீதி இடம் உங்கள் கேள்விக்கு. திருநெல்வேலிக்காரர் ஒருவர் சாட்சியாகப் போலீஸ் ஸ்டேஷனில் தன் பேச்சில் சொன்னதை ரைட்டர் (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர்) எழுத்துத் தமிழில் மாற்றி எழுதுகிறார். இதற்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து 161 வாக்குமூலம் என்று பெயர், 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் பிரிவு 180. சாட்சி அதில் கையெழுத்துப் போடுவதில்லை. அப்படியானால் அதில் எவ்வளவு சாட்சியின் பேச்சு, எவ்வளவு ரைட்டரின் பேச்சு? இப்படி ஒரு கேள்வியைப் பத்து வரியில் எழுதுங்கள். தரவு எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் கோப்பு கைக்கு வராது. உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்திலேயே இருக்கின்றன, சிலவற்றில் வாக்குமூலப் பகுதிகளும் உண்டு. "சிறு வயது முதலே மொழி மீது காதல்" என்ற வரி இருந்தால் நானே அடித்துவிடுவேன்.

மறைந்தவரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினால் போதும், அதுவும் அவருடைய வேலை உங்கள் கேள்வியைத் தொடும் இடத்தில். புகழ்மாலை வேண்டாம்.

பணக் கணக்கில் கவனம். இப்படிப்பட்ட நிதி பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு பகுதிக்குத்தான் வரும். வேறு உதவித்தொகையோடு சேர்த்து வாங்கலாமா என்று முன்பே கேளுங்கள். பல்கலைக்கழகமே தரும் நிதி என்றால் அதன் கடிதத்தை பிரிட்டன் மாணவர் விசாவுக்குக் காட்டலாம். தனிப்பட்ட சிறு அறக்கட்டளையின் கடிதம் மட்டும் போதாது. விசா விதியில் அது அங்கீகரிக்கப்பட்ட நிதியளிப்பவராகாது. தேவையான பணம் உங்கள் அல்லது பெற்றோர் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். அதனால் அறக்கட்டளை தரும் பணத்தை எப்போது, யாருக்கு அனுப்புவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியருக்கு உங்கள் கட்டுரையையும் அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் "ஒழுக்கமான மாணவி" என்று மட்டும்தான் எழுதித் தருவார்.