ஐஇஎம் கேபிள்ல பிளக் மாத்தினேன், பாடகர் காணாம போயிட்டார்

ஐஇஎம்னா காதுக்குள்ள சொருகுற இயர்போன். என் கேபிள் பிளக் கழட்டி மாட்டுற டைப், 3.5 மி.மீ. பிளக் தொலைஞ்சு போச்சு. வேற கம்பெனி பிளக் ஒண்ணு, அதே 4 பின், வாங்கி மாட்டினா கச்சிதமா உக்காந்துச்சு, ஆனா பாட்டு போட்டா வாய்ஸ் எங்கயோ கிணத்துக்குள்ள, பேஸ் சுத்தமா இல்ல.

மல்டிமீட்டர் வச்சு ஒவ்வொரு பின்னா பாத்தா, வலது பக்கம் ப்ளஸ்ஸும் மைனஸும் இடம் மாறி இருக்கு, அதான் வலது பக்க ஒலி அலை மட்டும் இடதுக்கு நேர் எதிரா தலைகீழாகி (ஃபேஸ் மாறுறதுன்னு சொல்வாங்க), நடுவுல வர்ற குரல் நடுவுல நிக்காம சிதறிப் போயிருக்கு. கேபிளோட இயர்பீஸ் பக்கம் இருக்கிற ரெண்டு பின் கனெக்டர (0.78 மி.மீ. டூ பின்) வலது பக்கம் மட்டும் அப்படியே திருப்பி மாட்டினா சரியாயிடும்தான், ஆனா காதுல மாட்டுற வளைவு முன்னாடி பாக்குது, கேவலம்! கடைசில பிளக்க பிரிச்சு ரெண்டு வயர மாத்தி சால்டர் பண்ணேன், பத்து நிமிஷ வேலை.

4.4 மி.மீ. ஹெட்ஃபோன் ஜாக்குக்கு 2016லயே ஜப்பான்ல ஜெய்டாங்கிற எலக்ட்ரானிக்ஸ் தொழில் சங்கம் ஸ்டாண்டர்ட் போட்டுட்டாங்க. இந்த கழட்டுற ஜாயின்ட்டுக்கு அப்படி பொதுவா எதுவும் இல்ல, பிளக்க பிடிச்சு வைக்கிற லாக் டிசைனுக்கு ஒருத்தர் பேட்டன்ட் வாங்கினா அடுத்தவர் அவர்கிட்ட அனுமதி வாங்கணும், இல்லன்னா வேற மாதிரி செஞ்சாகணும். ஃப்ரெண்டு ஒருத்தன் இந்த மாதிரி பிளக்கையே செஞ்சு விக்கலாமேங்கிறான், என் கேபிள ரிப்பேர் பண்றது வேற, அடுத்தவன் லாக்க காப்பியடிச்சு விக்கிறது வேறடா.