தெருவில் உறங்கத் தடை: சட்ட வரைவை எப்படிப் படிப்பது?

முதலில் ‘முகாமிடுதல்’ என்பதற்கான வரையறையைப் பாருங்கள். போர்வை விரித்தாலே முகாம் என்றிருந்தால், தண்டிக்கப்படுவது உறக்கம்தான்.

அடுத்து அபராதம். அமெரிக்காவின் கிரான்ட்ஸ் பாஸ் நகரில் அது 295 டாலராக இருந்தது, கட்டாவிட்டால் 537.60 ஆனது. இது அரசமைப்பு தடுக்கும் கொடூரத் தண்டனை ஆகாது என்று 2024இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 6-3 எனத் தீர்ப்பளித்தது. அதனால் நியாயமாகிவிடாது: கட்ட முடியாத அபராதம் கடனாகவும் வழக்குப் பதிவாகவும் பின்தொடர்ந்து, வாடகை வீட்டுக்கான வழியை அடைக்கிறது.

வீடற்றோர் விடுதிப் படுக்கைகளை மொத்தமாக எண்ணாதீர்கள். இன்றிரவு காலியாக உள்ளவை எத்தனை? துணையோடு வருபவரை, இரவு வேலை முடித்து வருபவரைச் சேர்ப்பார்களா? சேர்க்காவிட்டால் அந்தப் படுக்கை அவருக்கு இல்லை.

திருத்தம் கோரும்போது இரண்டை விடாதீர்கள்: படுக்கை இல்லாத இரவில் அபராதம் கூடாது, உடைமைகளை அகற்றுமுன் எழுத்தில் அறிவிப்பு வேண்டும். அடையாள அட்டை குப்பையோடு போனால், வீட்டு விண்ணப்பமும் அதோடு நின்றுவிடும்.