பூனையிடமிருந்து கோழிக்குஞ்சுகளைக் காப்பாற்ற: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொல்லையில் பத்துக் கோழி வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், கடைசியில் பூனைப் பஞ்சாயத்தில்தான் வந்து நிற்கும். பக்கத்து வீட்டுப் பூனை, தெருப் பூனை, யாரோ சாக்கில் கட்டிக் கொண்டுவந்து விட்டுப்போன பூனை. எல்லாரும் பூனையை என்ன செய்யலாம் என்றுதான் கேட்கிறார்கள். கூட்டை என்ன செய்யலாம் என்று கேட்பவர்கள் குறைவு. பூனையைத் துரத்தும் நேரத்தில் பாதியைக் கூட்டுக்குச் செலவழித்தாலே பெரும்பாலான குஞ்சுகள் தப்பிவிடும்.

பார்க்காமலே பூனை மேல் பழி போடுவது

குஞ்சு குறைந்ததும் பூனைதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பூனை பெரும்பாலும் ஒன்றைக் கவ்விக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடும். இரண்டு இறகு கிடந்தால் அதிகம். காலையில் கூட்டுக்குள் நாலைந்து கோழிகள் கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடந்தால் கீரியையோ மரநாயையோ சந்தேகப்படுங்கள். கதவு மூடியபடி இருக்க, இறகுகூட உதிராமல் முட்டையும் குஞ்சும் காணாமல் போனால் பாம்பாக இருக்கலாம். கூட்டுத் தரையில் புதிதாக ஒரு வளை தெரிந்தால் பெருச்சாளி. பட்டப்பகலில் திறந்த வெளியில் போனால் பருந்து, வல்லூறு; காகமும் லேசுப்பட்டதில்லை, சின்னக் குஞ்சைத் தூக்கிவிடும்.

நன்றாக வளர்ந்த கோழியை வீட்டுப் பூனை தொடுவது அபூர்வம். வளர்ந்த பெட்டைகளே ஒவ்வொன்றாகப் போகின்றன, பக்கத்தில் கரும்புத் தோட்டமோ ஏரிக் கோரையோ இருக்கிறது என்றால், வருவது காட்டுப்பூனையாகவும் இருக்கலாம். அது கால் நீண்டு, வால் குட்டையாக இருக்கும். வால் நுனிப்பக்கம் கறுப்பு வளையங்கள் தெரியும். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு அது. கீரியும் அப்படியே. கை வைத்தால் வழக்குதான்.

சந்தேகம் தீர ஓர் எளிய வழி உண்டு. பொழுது சாயும்போது கூட்டைச் சுற்றி அடுப்புச் சாம்பலையோ சலித்த மணலையோ மெல்லிசாகத் தூவி வையுங்கள். காலையில் உருண்டையான தடத்தில் நான்கு விரல் பதிந்து, நகக்குறி இல்லாமல் இருந்தால் பூனை. நாய்க்கும் கீரிக்கும் நகம் பதியும்.

குஞ்சைச் சீக்கிரம் வெளியே விடுவது

முதல் எட்டு வாரம்தான் கண்டம். அதற்குள்ளும் தாயோடு திரியும் குஞ்சுக்கும் பொரிப்பகத்தில் வாங்கிய குஞ்சுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. சிறுவிடை என்ற நாட்டுக்கோழிப் பெட்டை ஒன்று இறக்கையை விரித்துச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தால் பெரிய கடுவன் பூனையும் சுவரேறிவிடும். தாயின் எச்சரிக்கைச் சத்தம் கேட்டதும் குஞ்சுகள் புதரில் பதுங்குவதையும் பார்த்திருப்பீர்கள். பொரிப்பகக் குஞ்சுக்கு இதெல்லாம் கிடையாது. பூனை வந்தால் ஓடக்கூடத் தோன்றாமல் நின்று பார்க்கும். அதைப் போய் இரண்டாவது வாரமே ‘கொஞ்சம் வெயில் படட்டும்’ என்று திறந்து விடுகிறோம்.

பூனை எப்படி வேலை பார்க்கிறது என்பதை ஒருநாள் உட்கார்ந்து கவனியுங்கள். மதில் மேல் தூங்குவதுபோலப் படுத்திருக்கும். காது மட்டும் குப்பைமேட்டுப் பக்கம் திரும்பியிருக்கும். தாய்க்கோழி கிளறிக்கொண்டே பத்தடி நகரும். கடைசிக் குஞ்சு ஏதோ புழுவைப் பார்த்துப் பின்தங்கும். வால் நுனி இரண்டு முறை ஆடும். அவ்வளவுதான், தாய் திரும்புவதற்குள் பூனை மதிலுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். தனியாக நிற்கும் குஞ்சுதான் அதன் குறி. அதனால் குஞ்சுகளை விடுகிற இடம் சின்னதாக, அடைப்புக்குள், ஆள் நடமாட்டம் இருக்கிற பக்கமாக இருக்கட்டும். வீடே உண்ட மயக்கத்தில் கிடக்கும் மதியம் இரண்டு மணிக்குக் குஞ்சை வெளியே விட வேண்டாம்.

பல்பு போட்டு அட்டைப்பெட்டியில் குஞ்சு வளர்ப்பவர்கள் பெட்டி மேல் வேட்டித் துணியைப் போர்த்திவிட்டுப் போகிறார்கள். சூடும் குஞ்சுச் சத்தமும் பூனையை இழுக்கும். துணியோடு உள்ளே விழும். பல்பு சாய்ந்தால் தீயும் பிடிக்கும். கம்பிவலை அடித்த மரச்சட்டம் ஒன்றை மூடியாகப் போட்டு, மேலே செங்கல் வைத்தால் போதும்.

வலை இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்குவது

ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். கடையில் ‘கோழி வலை’ என்று கேட்டால் அறுகோணக் கண் உள்ள மெல்லிய கம்பிவலையைத் தருவார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும். வெளியே இருப்பது உள்ளே கை விடுவதைத் தடுக்காது. குஞ்சுகள் இரவில் வலையோரம் ஒண்டித்தான் படுக்கும். பூனை கூட்டை ஒரு சுற்று சுற்றினாலே அவை மிரண்டு வலைக்கு வெளியே தலையை நீட்டும். ஓர் அங்குலக் கண் வழியாகப் பூனையின் முன்னங்கால் தாராளமாக நுழையும். காலையில் கூட்டுக்குள் தலையில்லாத குஞ்சு கிடக்கும், கதவோ பூட்டியபடி இருக்கும். அப்புறம் பேய், செய்வினை என்று பேச்சு கிளம்பும்.

கூடு முழுவதும் விலை கூடிய வலை அடிக்கத் தேவையில்லை. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மட்டும் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கெட்டிக் கம்பிவலை) போதும். அதற்கும் கையில் காசில்லையா, அந்த உயரத்துக்குப் பலகையோ பழைய தகரமோ அடித்து மறையுங்கள். குஞ்சு கண்ணில் படாமல் இருப்பதே பாதிப் பாதுகாப்பு. பச்சை நிழல்வலையை நம்ப வேண்டாம், நகம் பட்டால் கிழியும். மேலே மீன்வலை கட்டினால் பருந்துக்கு ஆகும், பூனைக்கு ஆகாது. தொய்ந்த இடத்தில் அது இறங்கிவிடும். கூரையில்லாத வேலி எவ்வளவு உயரமாக இருந்தாலும் வீண்தான். ஐந்தடிச் சுவர் பூனைக்கு வாசற்படி மாதிரி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் ஓட்டின் வளைவுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்தைப் பாருங்கள். தலை நுழைந்தால் பூனையின் உடம்பும் நுழைந்துவிடும். கதவுக்குக் கயிறு கட்டாமல் கொண்டி போடுங்கள்.

கோழி மேல் கவிழ்த்து மூடும் கூடையான பஞ்சாரம் நல்ல பொருள்தான், அதே வேலைக்கான கூடாப்பும் அப்படித்தான். ஆனால் மேடு பள்ளமான தரையில் கவிழ்த்தால் ஓரத்தில் சந்து விழும். பூனை அதில் கால் விட்டு நோண்ட, உள்ளே தாய்க்கோழி மிரண்டு எகிற, மூங்கில் பஞ்சாரம் தானாகவே சாய்ந்துவிடும். சமதரையில் கவிழ்த்து, தலையில் கனமான கல் வைத்து, சுற்றிலும் சாக்கைப் போர்த்துங்கள். காற்று போக மேல்பக்கம் திறந்திருக்கட்டும்.

எவ்வளவு நல்ல கூடு என்றாலும் இருட்டிய பிறகு அடைத்தால் பயன் பாதிதான். அந்தியும் விடியலும்தான் பூனைக்கு வேட்டை நேரம், கோழிக்கோ இருட்டில் கண் தெரியாது. வெளிச்சம் இருக்கும்போதே அடைத்து, எண்ணிப் பார்த்து, காலையில் நன்றாக வெளுத்த பிறகு திறந்துவிடுங்கள். முருங்கை மரத்தில் ஏறித் தூங்கும் இளங்கோழிகளையும் சில நாள் பிடித்துப் பிடித்து உள்ளே விட்டால் பழகிக்கொள்ளும்.

நாமே பூனைக்கு விருந்து வைப்பது

சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பூனை வரும். இரவில் தீவனத் தட்டைக் கூட்டிலேயே விட்டுவிட்டுப் பூனை வருகிறதே என்றால் என்ன செய்வது? மாலையில் தட்டை எடுத்துவிடுங்கள், தீவனத்தை மூடி போட்ட டிரம்மில் வையுங்கள். கோழி அறுத்த கழிவையும் மீன் செதிலையும் கொல்லையில் வீசாதீர்கள். செத்த கோழியைக் குப்பையில் எறிவது அதைவிட மோசம். வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோயில் செத்ததைப் பூனையும் நாயும் இழுத்துக்கொண்டு போனால் தெரு முழுக்க நோய் பரவும். பறவைக் காய்ச்சல் பூனையையே கொல்லும். குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

வாசனை, சாயம், விஷம்

பூனையை விரட்டத் தூவும் மிளகாய்த்தூள் ஒரு மழைக்குத் தாங்காது. பாச்சை உருண்டையைக் கோழியே கொத்தும், அது விஷம். ஆரஞ்சுத் தோல் காய்ந்தால் குப்பை. குஞ்சுக்கு ரோஸ், பச்சைச் சாயம் பூசுவது பருந்தை ஏமாற்றத்தான் என்பார்கள். பருந்து ஏமாறுகிறதோ என்னவோ, பூனை ஏமாறாது. அது நிறத்தைவிட அசைவைத்தான் பார்க்கிறது.

கோபத்தில் சோற்றில் பயிருக்குப் போடும் குருணைப் பூச்சிமருந்தைக் கலந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சோற்றைப் பூனைதான் தின்னும் என்று யார் சொன்னது? உங்கள் கோழி தின்னும், பக்கத்து வீட்டு நாய் தின்னும், தவழும் பிள்ளை கையை வைக்கும். விலங்கை விஷம் வைத்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். சாக்கில் கட்டிப் பக்கத்து ஊரில் விடுவதும் வீண் வேலை. சோறும் எலியும் இருக்கும் இடம் காலியானால் இன்னொரு பூனை வந்து உட்காரும்.

பூனை பக்கத்து வீட்டுடையது என்றால் சண்டைக்குப் போகாமல், ‘அக்கா, குஞ்சு பொரிச்சிருக்கு, ரெண்டு மாசத்துக்குச் சாயங்காலமானா பூனைக்குச் சோறு வச்சு உள்ளயே போட்டுக்கங்க’ என்று சொல்லிப் பாருங்கள். கெடு சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

தப்பிய குஞ்சை அப்படியே விடுவது

பூனை வாயிலிருந்து மீட்ட குஞ்சு நடக்கிறது, கத்துகிறது என்று கூட்டத்தில் விட்டுவிடுகிறோம். பூனைப்பல் ஊசி போல ஆழமாக இறங்கும். மேலே பொட்டு மாதிரிதான் தெரியும், ஆனால் பூனை வாயில் இருக்கும் கிருமி உள்ளே போய், ஓரிரு நாளில் குஞ்சு சுருண்டுவிடும். இறகை விலக்கி முதுகும் தொடையிடுக்கும் பாருங்கள். போவிடோன் அயோடின் தடவி, கால்நடை மருந்தகத்தில் காட்டிவிடுங்கள். மீட்கும்போது உங்கள் கையில் பூனை பிறாண்டியிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள். பூனை மூலமும் அந்த நோய் வரும். குஞ்சைக் காயம் ஆறும்வரை தனியாக வைப்பது முக்கியம். ரத்தத்தைப் பார்த்தால் கூடப் பிறந்த குஞ்சுகளே கொத்தத் தொடங்கிவிடும்.