ரிலீஸுக்கு முந்தைய மூன்று வாரம்: சொந்தப் பாட்டு போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

என் முதல் பாட்டு வெளியான இரவு, பன்னிரண்டு மணிக்கு யூடியூபில் வீடியோ 'பப்ளிக்' ஆனதும், லிங்க்கைக் காப்பி செய்து கைபேசியில் இருந்த அத்தனை வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒட்டினேன். பள்ளி நண்பர்கள், குடும்பம், அபார்ட்மென்ட், பழைய ஆபீஸ், எதையும் விடவில்லை. அரை மணி நேரத்தில் 'சூப்பர் தம்பி', 'வாழ்த்துகள்டா' என்று கைதட்டல் பொம்மைகள் குவிந்தன. மாமா ஒருவர் 'அருமையான மெலடி' என்று எழுதியிருந்தார். பாட்டு கானா.

காலையில் எழுந்து கணக்குப் பார்த்தால், ஒருவர் சராசரியாகப் பார்த்த நேரம் 19 நொடி. பாட்டின் முன்னிசையே 25 நொடி. வாழ்த்தியவர்களில் பாதிப் பேர் என் குரலைக் கேட்கவே இல்லை. யூடியூபைப் பொறுத்தவரை அவர்கள் எல்லோரும் வந்து பார்த்து, பிடிக்காமல் போனவர்கள். அப்படிப்பட்ட வீடியோவை முன்பின் தெரியாதவர்களிடம் அது எதற்குக் கொண்டுபோகப் போகிறது?

அதற்குப் பிறகு நானும் பாட்டுகள் போட்டேன், நண்பர்கள் போடும்போதும் கூட இருந்தேன். பெரும்பாலான சறுக்கல்கள் பாட்டு வெளிவருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. நாம்தான் அதை 'ப்ரமோஷன் சரியில்லை' என்று சொல்லிக்கொள்கிறோம்.

தேதியில் அவசரம்

குரலையும் இசையையும் கலந்து சரிசெய்யும் மிக்ஸிங் முடிந்த கையோடு 'நாளைக்கே விட்டுடலாம்' என்று கை அரிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் போன்றவற்றில் நாம் நேராகப் போய்ப் பாட்டை ஏற்ற முடியாது. டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர், சிடி பேபி மாதிரி ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகத்தான் போகும். போய்ச் சேரவே சில நாள் ஆகும். அப்புறம், ஸ்பாட்டிஃபையின் ப்ளேலிஸ்ட் குழுவிடம் 'இந்தப் பாட்டைக் கேளுங்கள்' என்று விண்ணப்பிக்க ஒரு வசதி இருக்கிறது. இலவசம்தான். ஆனால் இன்னும் வெளிவராத பாட்டுக்கு மட்டும். வெளியீட்டுக்கு 7 நாளாவது முன்னால் விண்ணப்பித்தால், ப்ளேலிஸ்ட்டில் இடம் கிடைக்காவிட்டாலும் உங்களைப் பின்தொடர்கிறவர்களுக்குப் புதுப் பாட்டுகளைக் காட்டும் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலுக்காவது பாட்டு போய்ச் சேரும். நடுராத்திரி அவசரமாக ஏற்றுகிறவர்கள் இந்த இரண்டையும் தாங்களாகவே இழக்கிறார்கள். மூன்று வாரம் முன்னால் ஏற்றிவிட்டுத் தேதியைத் தள்ளி வைப்பதே நிம்மதி.

2015 ஜூலை முதல் உலகம் முழுவதும் புதுப் பாட்டுகளுக்கு வெள்ளிக்கிழமை என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. நம் ஊரில் அது சினிமாக் கிழமை. பெரிய நடிகரின் படம் வருகிற வெள்ளியன்று நம் பாட்டை யார் தேடப் போகிறார்கள்? என்னைக் கேட்டால் செவ்வாய், புதன் நல்லது.

பெயரில் குழப்பம்

சக்தி என்று ஒரு பாடகர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பாட்டில் அவர் பெயரை ஆங்கிலத்தில் எஸ்-ஏ என்று தொடங்கி எழுதினார்கள். இரண்டாவது பாட்டை ஏற்றியவர் எஸ்ஸுக்குப் பின்னால் ஒரு எச் சேர்த்தார். மூன்றாவதுக்குள் யாரோ நியூமராலஜி பார்த்துச் சொல்ல, கடைசியில் ஒரு 'ஏ' கூடியது. இப்போது ஸ்பாட்டிஃபையில் மூன்று சக்திகள். ஆளுக்கு ஒரு பாட்டு, ஆளுக்குப் பத்து ஃபாலோயர்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் நடக்கும். அதே பெயரில், அதே எழுத்துக்கூட்டலில் வடக்கே ஒருவர் பக்திப் பாட்டு போட்டுக்கொண்டிருப்பார். உங்கள் கானா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். அவருடைய ரசிகர்கள் பாவம்.

எனவே பெயரை முடிவு செய்யும் முன் ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். யாராவது இருந்தால் ஊர்ப்பெயரையோ இனிஷியலையோ சேர்த்துக்கொள்ளுங்கள். நியூமராலஜி பார்ப்பதானால் முதல் பாட்டுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஏற்றும்போது டிஸ்ட்ரிபியூட்டர் 'ஏற்கெனவே உங்கள் பக்கம் இருக்கிறதா?' என்று கேட்கும். அந்த இடத்தில் நிதானித்துச் சரியான பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பாட்டின் தலைப்புக்கும் இதே கதைதான். 'மழை' என்று ஒரு பாட்டுக்குப் பெயர் வைத்தால் நூற்றுக்கணக்கான மழைகளில் அதுவும் ஒரு துளி. போதாததற்கு ழகரம்: ஆங்கிலத்தில் சிலர் இஸட்-எச் என்று தட்டுவார்கள், சிலர் வெறும் எல். பல்லவியில் வேறு யாரும் எழுதியிருக்க முடியாத இரண்டு சொல் இருந்தால் அதையே தலைப்பாக்குங்கள்; கேட்டவர் வீட்டுக்குப் போய்த் தேடும்போது அந்த இரண்டு சொல்தான் நாக்கில் இருக்கும். யூடியூப் தலைப்பில் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் இரண்டு முறை போடுவதில் தப்பில்லை. அப்புறம் 'மொழி' என்ற பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தமிழ்ப் பாட்டு என்று நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

வாங்கிய பீட், வந்த கிளெய்ம்

இரண்டாவது பாட்டுக்கு இணையத்தில் 30 டாலர் கொடுத்து ஒரு பீட், அதாவது மேலே பாடிக்கொள்ள ஏற்கெனவே செய்து வைத்த பின்னணி இசை, வாங்கினேன். வாங்கினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் வாடகைக்கு எடுத்திருந்தேன். அதே பீட்டை விற்றவர் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுத்தும் இருந்தார். வேறு ஏதோ நாட்டில் ஒருவர் அதன் மேல் ராப் பாடி, யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிவு செய்துவிட்டார். கன்டென்ட் ஐடி என்பது ஒலியின் ரேகையை வைத்து எங்கெல்லாம் அது ஒலிக்கிறது என்று தேடும் இயந்திரம். அதற்கு என் குரல் தெரியாது, பீட் தெரியும். என் வீடியோ ஏறிய சில நிமிடங்களில் 'இந்த வருமானம் இன்னாருக்குப் போகும்' என்று அறிவிப்பு வந்துவிட்டது.

உரிமப் பத்திரத்தை வைத்து எதிர்ப்புத் தெரிவித்தேன். பதில் சொல்ல எதிர்த் தரப்புக்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஒரு பாட்டின் ஆயுளில் முதல் 30 நாள் என்பது எவ்வளவு முக்கியம் என்று இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

பீட் எடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: உரிமம் உங்களுக்கு மட்டுமா பலருக்குமா; ஸ்ட்ரீம் (பாட்டு ஒருமுறை கேட்கப்படுவது) எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டா; கன்டென்ட் ஐடியில் பதிவு செய்ய அனுமதி உண்டா. பலருக்குக் கொடுக்கும் உரிமத்தில் மூன்றாவதற்குப் பெரும்பாலும் 'கூடாது' என்றுதான் இருக்கும். ராயல்டி (பயன்பாட்டுக்கான பங்குத்தொகை) இல்லாத லூப்களுக்கும், அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் இசைத் துண்டுகளுக்கும், இதே எச்சரிக்கை. உங்களைப் போல ஆயிரம் பேர் அதே உறுமியை இறக்கி வைத்திருப்பார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு: உங்கள் பாட்டுக்கு உங்கள் சேனலிலேயே கிளெய்ம் (உரிமை கோரும் அறிவிப்பு) வரும். பயந்து போய் வீடியோவை அழித்த ஒருவரை எனக்குத் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் உங்கள் சார்பில் கன்டென்ட் ஐடியில் பதிவு செய்திருக்கும். அந்த இயந்திரம் உங்களையே திருடன் என்று பிடித்திருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரிடம் 'இது என் சேனல்' என்று சொன்னால் விடுவித்துவிடுவார்கள்.

'நமக்குள்ள எதுக்குடா பேப்பர்?'

பாட்டு ஓடாதவரை இந்தக் கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஒருவன் எழுதினான், ஒருவன் மெட்டுப் போட்டான், தோழி பாடினாள், மிக்ஸிங் செய்தவன் நட்புக்காகக் காசு வாங்கவில்லை. ஒரு ரீல் எங்கோ பற்றிக்கொண்டு எண்ணிக்கை லட்சத்தைத் தொட்டதும் நான்கு பேருக்கும் நான்கு விதமான ஞாபகம்.

நம் நாட்டின் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 1957, பிரிவு 19-இன்படி உரிமையை எழுதிக் கொடுப்பதானால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். நண்பர்களுக்குள் ஒரு பக்கம் போதும்: மாஸ்டர் ஒலிப்பதிவு (முடிந்த மூலப்பதிவு) யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம், யாருடைய கணக்கிலிருந்து ஏற்றுவது, யார் பெயர் எங்கே வரும். அதை டீக்கடையில் உட்கார்ந்து எழுதினால்கூடச் சரி, கையெழுத்து இருந்தால் போதும்.

'எங்க சேனல்ல போடுங்க, ப்ரமோஷன் ஃப்ரீ' என்று வருகிறவர்களிடம் இன்னும் கவனம் தேவை. அவர்கள் அனுப்பும் பிடிஎஃப்பில் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்ற சொற்கள் எங்கே இருக்கின்றன என்று முதலில் தேடுங்கள். இலவச ப்ரமோஷனின் விலை அங்கேதான் எழுதியிருக்கும். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு: 2012-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அவர்கள் தங்கள் ராயல்டிப் பங்கை ஒரு கம்பெனிக்கு முழுதாக விட்டுக்கொடுத்துவிட முடியாது. அந்த ராயல்டியை வசூலித்துத் தரும் அமைப்பு ஐபிஆர்எஸ், 1969 முதல் இருக்கிறது. சினிமாக்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்து நம் ஆட்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

வாங்கிய வியூ

இன்ஸ்டாகிராம் இன்பாக்ஸில் வாரத்துக்கு ஒருவராவது வருவார்: ஐந்நூறு ரூபாய்க்கு இத்தனை ஆயிரம் வியூ. ஸ்பாட்டிஃபை 2024-இல் ஒரு விதி கொண்டுவந்தது: முந்தைய 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது. அதிலிருந்து 'அந்த ஆயிரத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாமே' என்ற சபலம் பலருக்கு. ஆனால் அதே 2024 முதல், போலி ஸ்ட்ரீம் அப்பட்டமாகத் தெரிந்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரிடம் அபராதம் வாங்குகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் அதை உங்கள் தலையில் கட்டலாம், பாட்டையே தூக்கிவிடலாம். தப்பித்தாலும் ஒரு நஷ்டம் இருக்கிறது: ஏதோ ஒரு நாட்டு எந்திரங்கள் கேட்டதாகக் கணக்கு ஏறினால், அந்த மாதிரி ஆட்களிடமே உங்கள் பாட்டு மேலும் மேலும் கொண்டுபோகப்படும். மதுரையில் இருப்பவனுக்கு அது வரவே வராது.

அந்த ஆயிரத்துக்கு நேர்வழி உண்டு. பன்னிரண்டு பாட்டு ஆல்பத்தை ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆயிரத்தைத் தாண்டியாக வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒன்று என்று விட்டால் ஒவ்வொன்றுக்கும் மூச்சுவிட இடம் இருக்கும். மீம் பக்கங்களுக்குக் காசு கொடுப்பது வேறு விஷயம், அது விளம்பரம். கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தை யார், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் இன்சைட்ஸ் ஸ்கிரீன்ஷாட்டைக் கேளுங்கள். தயங்கினால் நகர்ந்துவிடுங்கள்.

சில சில்லறைத் தவறுகள்

முன்னிசை நீளம் பற்றிச் சொல்லிவிட்டேன். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி கேட்டால்தான் அது ஒரு ஸ்ட்ரீம். அதற்குள் குரல் வந்துவிடுவது நல்லது. கடைசி மெருகான மாஸ்டரிங்கில் சத்தத்தை ஏற்றி ஏற்றிப் பயனில்லை. ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் எல்லாவற்றையும் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துவிடும், இரைச்சல் மட்டும் மிஞ்சும். சினிமாப் பாட்டைக் கவராக, அதாவது உங்கள் குரலில் மறுபடி, பாடினால் யூடியூபில் வருமானம் பெரும்பாலும் ஆடியோ கம்பெனிக்குத்தான் போகும். ஸ்பாட்டிஃபையில் ஏற்ற வேண்டுமானால் முதலில் உரிமம்.

ரீல்ஸில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாட்டை வீடியோவோடு எடிட் செய்து ஏற்றினால் அது 'ஒரிஜினல் ஆடியோ' என்றுதான் பதிவாகும். அதை எடுத்து நூறு பேர் ஆடினாலும் உங்கள் பாட்டின் பக்கத்துக்கு அந்தக் கணக்கு போகாது. டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக இன்ஸ்டாகிராமின் இசைப் பட்டியலுக்குப் பாட்டு வந்த பிறகு, அங்கிருந்து எடுத்து ரீல் போடுங்கள். எந்த நொடியிலிருந்து துண்டு தொடங்க வேண்டும் என்று ஏற்றும்போதே குறிக்கும் வசதி பல டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் உண்டு. குறிக்காவிட்டால் பல்லவி வரவேண்டிய இடத்தில் பாதி இடையிசை வந்து நிற்கும்.

கோப்புகள்

மைஸ்பேஸ் தளத்தை நினைவிருக்கிறதா? 2003 முதல் 2015 வரை அங்கே ஏற்றப்பட்ட பாட்டுகள், ஏறத்தாழ 5 கோடி, சர்வர் மாற்றும்போது தொலைந்துவிட்டன என்று 2019-இல் தெரியவந்தது. இங்கேயே 2024-இல் ரெஸ்ஸோ என்ற பாட்டு ஆப் மூடியது, விங்க் மியூசிக்கும் மூடியது. டிஸ்ட்ரிபியூட்டர்களிலும் சிலரிடம் ஆண்டுச் சந்தாவைக் கட்டத் தவறினால் பாட்டு இறங்கிவிடும். மறுபடி ஏற்றும்போது பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணைக் கொடுக்காவிட்டால் சேர்ந்த எண்ணிக்கையும் போய்விடும். எழுத்தும் எண்ணும் கலந்த அந்த 12 இடக் குறியீடுதான் ஒலிப்பதிவின் ஆதார் கார்டு.

என் கணினியில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'உண்மையான ஃபைனல்' என்று மூன்று கோப்புகள் இருந்த காலம் உண்டு. மூன்றில் எது வெளியானது என்று எனக்கே தெரியாது. இப்போது பாட்டுக்கு ஒரு ஃபோல்டர்: வேவ் கோப்பு (சுருக்கப்படாத ஒலி), ஸ்டெம்ஸ் (குரலும் கருவிகளும் தனித்தனியாக), அட்டைப்படம், வரிகள், ஐஎஸ்ஆர்சி எண், நண்பர்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் போட்டோ. ஒரு பிரதி கிளவுடில். இன்னொன்று ஹார்ட் டிஸ்க்கில், அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவே.