கப் வாகனத்தில் கேம்பர் பெட்டியை அசையாமல் பூட்டுவது எப்படி

கேம்பர் என்பது கப் (பிக்கப்) வாகனத்தின் பின்தட்டில் ஏற்றி வைக்கிற சின்ன வீடு. ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, அவ்வளவுதான். வெளிநாடுகளில் கம்பனிகளே செய்து விற்கின்றன, இங்கே பிளைவூட்டும் அலுமினியமும் வாங்கி நாமே அடித்துக்கொள்ளலாம். கனபேர் பெட்டியை ஏற்றியதும் மொத்தமான பெல்ட் நாலு வாங்கி இழுத்துக் கட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பெல்ட் கடைசி வேலை. பெட்டி முதலில் வழுக்காமல் நிற்க வேண்டும்.

அதற்கும் முன் பாரம். வாகனத்துக்கு அனுமதித்த முழுப் பாரத்தில் இருந்து வெறும் வாகனத்தின் பாரத்தைக் கழியுங்கள். மிச்சத்துக்குள் பெட்டி, ஆட்கள், சாமான், தண்ணீர் எல்லாம் அடங்க வேண்டும். 60 லீற்றர் தண்ணீர் 60 கிலோ என்பதை மறந்துவிடாதீர்கள். அப்புறம் நடுப்பாரம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஏற்றும் முன் பெட்டிக்கு அடியில் குறுக்கே ஒரு இரும்புக் குழாயை உருட்டிப் பார்த்தால், எந்த இடத்தில் இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதோ அதுதான் நடுப்பாரம். சாமான் எல்லாம் உள்ளே வைத்தபடியே பாருங்கள், ஆனால் இரண்டு மூன்று பேர் பக்கத்தில் இருக்கட்டும். அந்த இடம் பின் அச்சுக்கு மேலே அல்லது கொஞ்சம் முன்னுக்கு வர வேண்டும். பின்னுக்குப் போனால் முன் ரயரின் பிடி குறைந்து ஸ்ரியரிங் லேசாகிவிடும்.

இனி தட்டு. தட்டுக்குள் பொருத்திய பிளாஸ்ரிக் உள்விரிப்பு (லைனர்) இருந்தால் கழற்றுங்கள், மழை பட்டால் சவர்க்காரம் பூசினதுபோல வழுக்கும். மொத்தமான றப்பர் சீற் ஒன்றைத் தட்டு முழுக்க விரித்து அதன் மேல் பெட்டியை இறக்குங்கள். பெட்டிக்கும் தட்டின் முன்சுவருக்கும் இடையில் இடைவெளி இருந்தால் கட்டை வைத்து அடைக்க வேண்டும், பழைய பனஞ்சிலாகைத் துண்டு நன்றாக நிற்கும். கடுமையாகப் பிறேக் அடித்தால் பாரத்தின் 80 சதவீதம் அளவுக்கு முன்னுக்குத் தள்ளும் என்று வைத்துத்தான் சுமை கட்டும் கணக்குப் போடுவார்கள். 500 கிலோப் பெட்டி என்றால் 400 கிலோத் தள்ளு. அதை முதலில் தாங்க வேண்டியது கட்டை. இரண்டு பக்கமும், சில்லுக்கு மேலே தட்டுக்குள் எழும்பி நிற்கும் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் அதேபோல அடையுங்கள்.

எங்கே கட்டுவது? பின்தட்டுக்குள் இருக்கும் சின்னக் கொளுக்கிகளில் வேண்டாம். அவை மெல்லிய தகரத்தில் பிடித்தவை, மோட்டார் சைக்கிள் கட்டப் போதும், கேம்பருக்குக் காணாது. வாகனத்தின் அடிச்சட்டமான சசியில் இருந்து நாலு மூலைக்கும் இரும்புப் பட்டை எடுத்து அதில் கொளுக்கி வையுங்கள். வெல்டிங் கடையில் சசியிலேயே ஒட்டித் தருகிறேன் என்பார்கள், விடாதீர்கள், ஒட்டுகிற சூட்டில் அந்த இடத்து இரும்பின் பலம் குறையும். சசியில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில், தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டும் தானாகக் கழராத நைலோன் நட்டும் போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். முன் கட்டு பெட்டியில் இருந்து கீழும் முன்னுக்கும் சரிய வேண்டும், பின் கட்டு கீழும் பின்னுக்கும். நேர் செங்குத்தாகக் கட்டினால் பெட்டி மேலே துள்ளாது, ஆனால் முன்னும் பின்னும் நகரும்.

ரச்செட் பெல்ட் (பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குகிற பெல்ட்) என்றால் அதில் தைத்திருக்கும் சீட்டை வாசியுங்கள். அறுந்துபோகும் பாரம் வேறு, பாவிக்கக்கூடிய பாரம் வேறு, நமக்கு வேண்டியது இரண்டாவது. நைலோன் கயிறு சரிவராது, இழுபடும், நனைந்தால் இன்னும் மோசம். குறுக்காக இறுக்குங்கள்: முன் இடது, பின் வலது, பிறகு மற்ற இரண்டு. பெட்டியைத் தள்ளிப் பார்த்து அசையாவிட்டால் போதும், பலத்தைக் காட்டப்போனால் பிளைவூட்தான் பிளக்கும். பெல்ட்டில் ஒரு முறுக்கு விட்டால் ஓடும்போது காற்றில் ‘விர்’ என்று அதிராது.

பின்கதவைக் கழற்றியிருந்தால் நம்பர் தகடும் பின் லைற்றும் மறையாமல் தெரிகிறதா என்று பாருங்கள். ஓடும்போது பெட்டிக்குள் யாரும் படுக்கக் கூடாது, பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும்.

முதல் 15, 20 கிலோமீற்றருக்குள் கட்டு பெரும்பாலும் இளகும். யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ9 வீதியில் போகிறீர்கள் என்றால் சாவகச்சேரியில் ஒரு தேத்தண்ணிக்கு நிறுத்தி நாலையும் திரும்ப இறுக்குங்கள். மன்னார்ப் பக்கம் என்றால் சங்குப்பிட்டிப் பாலத்துக்கு முன்பே பாருங்கள், சோளகக் காற்று வீசும் மாதங்களில் உயரமான பெட்டியைக் காற்று பக்கவாட்டில் பிடித்துத் தள்ளும், அங்கே வேகம் வேண்டாம்.

பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய் வந்தால் கொளுக்கி, ரச்செட், போல்ட் எல்லாவற்றையும் கடல் உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் கிறீஸ் பூசுங்கள், ஆனால் பெல்ட் துணியில் கிறீஸ் படக்கூடாது. விளிம்பு பிய்ந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டுப் பாவிக்காதீர்கள், புதிதாக வாங்குங்கள்.