‘இன்னும் ஒரு வாய்’: கைக்குழந்தைக்கு ஊட்டும்போது நாம் செய்யும் தவறுகள்

புதன்கிழமை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். ஒன்பது மாதப் பேரனை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் ஒரு பாட்டி பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். முதல் ஏழெட்டு வாய்க்குப் பையன் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தான். அடுத்த வாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டான். அதற்கடுத்த வாய் வந்தபோது முகத்தைத் திருப்பினான். பாட்டி தாடையைப் பிடித்து மெல்லத் திருப்ப, உதட்டை இறுக மூடிக்கொண்டான். பக்கத்தில் இருந்த மருமகள் கைபேசியில் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். திரையைப் பார்த்த கணத்தில் வாய் தானாகத் திறந்தது. கிண்ணம் காலியாகும்வரை அது மூடவில்லை. “ஒரு பருக்கை மிச்சமில்லை” என்று பாட்டிக்கு அத்தனை சந்தோஷம்.

அந்தப் பையன் மூன்று முறை ‘போதும்’ என்று சொல்லிவிட்டான். கன்னத்தில் அடக்கியது, முகத்தைத் திருப்பியது, உதட்டை மூடியது எல்லாம் அதுதான். பாட்டிக்கும் அம்மாவுக்கும் அவன்மேல் உயிர். ஆனாலும் அவன் சொன்னது அவர்களுக்குக் கேட்கவில்லை.

தாய்மார்களோடு உணவைப் பற்றிப் பேசுவதே பல வருடங்களாக என் வேலை. பிள்ளைகளின் உடல் பருமன் என்றதும் பள்ளி வயதும் பீட்சாவும் குளிர்பானமும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. நான் முதல் இரண்டு வருடங்களைப் பார்க்கச் சொல்வேன். பசித்தால் கேட்கவும் வயிறு நிறைந்தால் நிறுத்தவும் குழந்தைக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பிறக்கும்போதே அது தெரிந்துதான் பிறக்கிறது. நாம் ஊட்டும் விதத்தில் அதை மறக்கடித்துவிடுகிறோம்.

குண்டுதான் ஆரோக்கியம் என்ற நினைப்பு

இந்தத் தவறுதான் மற்ற எல்லாவற்றுக்கும் தாய். ‘அமுல் பேபி மாதிரி இருக்கிறான்’ என்பது நம்மிடம் பாராட்டு. ‘இளைத்துப்போய்விட்டதே, பால் கொடுக்கிறாயா இல்லையா?’ என்பது பெற்றவளின் நெஞ்சில் குத்தும் கேள்வி. இந்தக் கேள்விக்குப் பயந்தே எத்தனையோ பெண்கள் குழந்தைக்கு வேண்டாத உணவைத் திணிக்கிறார்கள்.

நம் குழந்தைகள் விஷயத்தில் கண்ணை நம்ப முடியாது. புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்தார்கள். அங்கே பிறந்தவை சராசரியாக 2.7 கிலோ; ஒப்பிட்டுப் பார்த்த இங்கிலாந்துக் குழந்தைகள் சுமார் 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைந்தும் நம் குழந்தைகளின் உடலில் தசைதான் குறைந்திருந்தது. தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் உடம்பிலேயே கொழுப்பைச் சேர்த்துவைக்கும் சுபாவம் இருக்கிறது என்று பொருள். அதன்மேல் நாம் திணித்தால் என்ன ஆகும்? இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 2.1 சதவீதம், 2019-21-இல் அது 3.4 சதவீதம். உலக அளவில் பள்ளி வயதுப் பிள்ளைகளிடையே எடை குறைந்தவர்களைவிட உடல் பருமன் உள்ளவர்கள் அதிகமாகிவிட்டதாக 2025-இல் யுனிசெஃப் அறிவித்தது. இப்படி நடந்தது அதுவே முதல் முறை.

எனவே கன்னத்தைப் பார்க்காதீர்கள், தாய்சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகள் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை வைத்து வகுக்கப்பட்டவை. அதற்காக அளக்கப்பட்ட ஆறு நாட்டுக் குழந்தைகளில் டெல்லிக் குழந்தைகளும் உண்டு. ‘அதெல்லாம் வெளிநாட்டுக் கணக்கு’ என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். எடையை மட்டும் பார்க்காமல் உயரத்துக்கு ஏற்ற எடையா என்றும் கிராம சுகாதார செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள்.

அழுகை எல்லாவற்றுக்கும் பாலே பதில்

‘அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்’ என்பார்கள். உண்மையில் அழுகை பசியின் கடைசி அடையாளம். அதற்கு முன்பே குழந்தை கையைச் சப்பும், தலையை அங்குமிங்கும் திருப்பி மார்பைத் தேடும், நாக்கை நீட்டும். பிறந்த புதிதில் கேட்கும்போதெல்லாம் கொடுக்கத்தான் வேண்டும். ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை குடிப்பது இயல்பு. அதில் கை வைக்கவே கூடாது. ஆனால் இப்போதுதான் வயிறு நிறையக் குடித்த குழந்தை மறுபடி அழுதால் துணி ஈரமா, புழுக்கமா, தூக்கமா என்று முதலில் பார்க்கலாம். தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்கலாம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் முதல் குழந்தை பெற்ற 279 தாய்மார்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதியினருக்குக் குழந்தையின் பசி, நிறைவு அடையாளங்களைப் படிக்கவும், பால் கொடுக்காமலே அழுகையைத் தேற்றவும், தூங்கவைக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று வயதில் அந்தக் குழந்தைகளின் உடல் நிறை குறியீடு, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடை, மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாக இருந்தது. வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் அதற்காக ஒரு குழந்தையையும் பட்டினி போடவில்லை.

‘பால் பற்றவில்லை’ என்ற அவசர முடிவு

குழந்தை நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறிக்கொண்டிருந்தால் பால் பற்றுகிறது. வேறு சாட்சி வேண்டாம். வீட்டுக்கு வருகிறவர்கள் சொன்னார்கள் என்று டப்பாப் பாலும் பாட்டிலும் வாங்கிவிடாதீர்கள். மார்பில் குடிக்கும் குழந்தை போதும் என்றால் வாயை எடுத்துவிடும்; எவ்வளவு குடித்தது என்று யாருக்கும் தெரியாது. பாட்டிலில் கோடு போட்டிருக்கிறது. மிச்சம் கண்ணில் படுகிறது. ‘இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைக் கொட்டுவதா?’ என்று மறுபடி வாயில் வைக்கிறோம். மருத்துவக் காரணத்தால் பாட்டில்தான் என்றாகிவிட்ட தாய்மார்கள் மனம் நோக வேண்டாம். மிச்சத்தைக் குடிக்கவைக்காமல் கொட்டிவிடுங்கள், அளவுக்கு மேல் பால்மாவைக் குழைத்துக் கெட்டியாக்காதீர்கள். அது போதும்.

இனிப்பில் தொடங்குவது

தென்மாவட்டங்களில் சேனை வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுவைப்பார்கள். பெரியவர்களின் ஆசி என்ற அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து; அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் நரம்புகளைத் தாக்கக்கூடியது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம்.

ஆறு மாதம் முடிந்தபின் பாலில் தோய்த்த பிஸ்கட், ரஸ்க், கற்கண்டு போட்ட கஞ்சி, பழச்சாறு என்று தொடங்குகிற வீடுகள் மிகுதி. இதில் என்னைக் கூடுதலாக வருத்துவது பிஸ்கட். சர்க்கரையும் மைதாவும் எண்ணெயும் சேர்ந்த தின்பண்டம் அது. ‘லேசான ஆகாரம்’ என்ற பெயரில் குழந்தையின் கைக்குப் போகிறது. நாக்குக்கு இனிப்பு பழகிவிட்டால் கீரை கசக்கும். மசித்த பருப்புச் சாதம், இட்லி, சர்க்கரை சேர்க்காத கேழ்வரகுக் கூழ், வேகவைத்த காய், முட்டை, வாழைப்பழம் போதும். ஒரு வயதுவரை சர்க்கரையும் உப்பும் சேர்க்க வேண்டியதில்லை. பழத்தைச் சாறாக்காமல் பழமாகவே கொடுங்கள். கீரையைத் துப்பினால் ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். புதுச் சுவை ஒன்று பழகப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம்.

இரண்டாம் வயதில் வரும் பயம்

அதிகமான தாய்மார்கள் கண்ணீரோடு வருவது இந்தக் கட்டத்தில்தான். “நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், ஒரு வயதுக்குப் பிறகு தொடுவதே இல்லை.” நான் அவர்களோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுவேன். மூன்று கிலோவில் பிறந்த குழந்தை ஐந்து மாதத்தில் ஏறக்குறைய ஆறு கிலோ, ஒரு வயதில் ஒன்பது கிலோ. ஒரே வருடத்தில் ஆறு கிலோ ஏறியிருக்கிறது. இரண்டாம் வருடம் முழுவதும் ஏறப்போவது இரண்டரை கிலோ அளவுதான். வளர்ச்சி இயல்பாகவே மெதுவாகிறது, அதனால் பசியும் குறைகிறது. இது நோயல்ல. இது தெரியாததால்தான் கைபேசி வருகிறது, பூச்சாண்டி வருகிறான், ‘காக்காவுக்கு ஒரு வாய், தாத்தாவுக்கு ஒரு வாய்’ வருகிறது, கடைசியில் வாயைப் பிளந்து திணிக்கும் கை வருகிறது.

நிலா காட்டி ஊட்டியதும் இதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிலா காட்டி ஊட்டும்போது அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொள்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். திரை முன்னால் பிள்ளை தன் வயிற்றையே மறந்துவிடுகிறது. இரண்டு வயதுவரை திரையே வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்வது. சாப்பாட்டு நேரத்திலாவது அதைத் தொடாதீர்கள்.

‘சாதம் சாப்பிட்டால் சாக்லேட்’ என்பதும் வேண்டாம். சாதம் கஷ்டமான வேலை, சாக்லேட் அதற்குக் கூலி என்று பிள்ளை புரிந்துகொள்ளும். ஒரு வேளை குறைந்தால் அதை ஈடுகட்டப் பாலும் மால்ட் பவுடரும் கலந்து கொடுப்பதும் அப்படித்தான். ஒரு வயதுக்கு மேல் மாட்டுப்பால் நாளுக்கு அரை லிட்டருக்குள் இருக்கட்டும். வயிறு முழுக்கப் பால் இருந்தால் சோறு எங்கே இறங்கும்? இரும்புச் சத்துக் குறைந்து சோகையும் வரும்.

மறுகோடிக்கு ஓடுவது

இதையெல்லாம் கேட்டுவிட்டுக் குழந்தைக்கு உணவைக் குறைக்க வேண்டும் என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. இரண்டு வயதுக்குள் கொழுப்பு நீக்கிய பால், எண்ணெய் நெய் இல்லாத சாப்பாடு, வேளை தவறிய பட்டினி எதுவும் வேண்டாம்; மூளை வளரும் வயது அது. எடைக் கோடு ஒரேயடியாக மேலே ஏறினாலோ கீழே இறங்கினாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ மருத்துவரிடம் போங்கள். என்ன உணவு, எப்போது, எங்கே உட்கார்ந்து என்பது அம்மாவின் பொறுப்பு. எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள்.

இந்தப் பேச்சில் பாட்டிகளையும் அப்பாக்களையும் உட்காரவைக்காமல் பயனில்லை. தாய்க்கு மட்டும் ஆலோசனை சொல்லி அனுப்பினால், வீட்டில் ஊட்டுகிற கை வேறாக இருக்கும். அன்று அந்தப் பாட்டியிடம் நான் பேசியபோது அவர் ஒன்றுதான் கேட்டார்: “மிஞ்சும் சோற்றை என்னம்மா செய்வது? சோற்றை வீணாக்கலாமா?” பசியைப் பார்த்து வளர்ந்தவரின் கேள்வி அது. முதலில் இரண்டு கரண்டி மட்டும் வையுங்கள் பாட்டி, என்றேன். அதை முடித்துவிட்டு அவன் கிண்ணத்தை எட்டிப் பிடித்தால் இன்னும் ஒரு கரண்டி வையுங்கள். முகத்தைத் திருப்பினால், பானையில் இருப்பது பானையிலேயே இருக்கும்.